ஆற்றுக் குழு சோர்ந்து போகிறது, மேட்டு ஊர்க்காரர்கள் வர மறுக்கிறார்கள்: எங்கிருந்து தொடங்குவது?

ஓடைக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பகுதியில் ஓடுவது பெரிய ஆறு இல்லை. மலையடிவாரத்தில் நாலைந்து ஓடைகள் சேர்ந்து உருவாகி, இருபது இருபத்தைந்து ஊர்களின் நிலங்களைத் தொட்டுக்கொண்டு போய்ப் பெரிய ஆற்றில் கலக்கிறது. ஆற்றங்கரை ஊர்கள் சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கிறோம். கரையில் குப்பை அள்ளுவது, கன்று நடுவது, மழைக்கு முன்னால் புதர் வெட்டி ஒதுக்குவது எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. ஆரம்பத்தில் கூப்பிட்டதும் கூட்டம் வரும். இப்போது எப்போதும் வரும் அதே முகங்கள்தான் வருகின்றன, அவர்களும் களைத்துவிட்டார்கள்.

காரணம் எனக்குத் தெரியும். கரை சுத்தமாகிவிட்டது, ஆனால் ஆற்றில் தண்ணீர் இல்லை. முன்பெல்லாம் கோடையின் நடுவில் கூட முழங்கால் அளவு ஓடும் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். இப்போது மழைக்காலம் முடிந்து கொஞ்ச நாளிலேயே நூலாக இளைத்து, அப்புறம் மடுக்களில் மட்டும் தேங்கி நிற்கிறது. மேட்டுப் பகுதியில் ஆழ்துளைக் கிணறுகள் வரிசையாக வந்துவிட்டன, சரிவான நிலத்தையும் உழுது பயிர் வைக்கிறார்கள், மழை பெய்தால் செம்மண் கலந்த வெள்ளம் ஒரே நாளில் வந்து ஒரே நாளில் போய்விடுகிறது.

மேட்டு ஊர்களுக்குப் போய்ப் பேசினோம். மரியாதையாகத்தான் கேட்டுக்கொண்டார்கள். கடைசியில் ஒருவர் எழுந்து, "உங்களுக்குத் தண்ணீர் வேண்டும் என்பதற்காக நாங்கள் ஏன் பயிரை மாற்ற வேண்டும், இத்தனை வருஷம் எங்களுக்குச் சாலை இல்லை என்று உங்களில் யாராவது வந்து கேட்டீர்களா" என்றார். எங்களிடம் பதில் இல்லை.

இப்போது குழுவுக்குள் ஒரு யோசனை ஓடுகிறது. எங்காவது நிதி பிடித்து ஆற்றில் வரிசையாகத் தடுப்பணை கட்டிவிடலாம், மேட்டு ஊர்க்காரர்களின் தயவே வேண்டாம் என்கிறார்கள் சிலர். எனக்கு அது சரியாகப் படவில்லை, ஏன் என்று சொல்லவும் தெரியவில்லை. இந்த வேலையில் இருந்தவர்கள், படித்தவர்கள், யாராக இருந்தாலும் வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

———

கடைமடை:

உங்கள் சந்தேகம் சரியானது, அதற்கான காரணத்தையும் சொல்கிறேன். மழை நின்று பல வாரம் கழித்தும் ஓர் ஆற்றில் தண்ணீர் ஓடுகிறது என்றால் அது பெரும்பாலும் நிலத்தடியிலிருந்து கசிந்து வரும் தண்ணீர்தான். சரிவுகளில் விழுந்த மழை மண்ணுக்குள் இறங்கி, பாறை இடுக்குகளில் தங்கி, மெதுவாக ஓடைக்கு வருகிறது. அப்படி வருவதற்கு ஆற்றோரத்து நிலத்தடி நீர்மட்டம் ஆற்றுப் படுகையைவிட உயரத்தில் இருக்க வேண்டும். ஆழ்துளைக் கிணறுகள் அந்த மட்டத்தைக் கீழே இறக்கிவிட்டால் ஓட்டம் திரும்பிவிடும், ஆற்றுத் தண்ணீர் நிலத்துக்குள் இறங்க ஆரம்பிக்கும். மணல் அள்ளினாலும் இதே கதைதான், படுகை தாழ்ந்தால் பக்கத்துக் கிணறுகளின் மட்டமும் சேர்ந்து தாழும்.

ஆகவே உங்கள் கோடை ஆற்றின் தலைவிதி கரையில் முடிவாவதில்லை, கரையிலிருந்து வெகு தூரத்தில் இருக்கும் சரிவுகளிலும் கிணறுகளிலும் முடிவாகிறது. கரையில் இருப்பவர்கள் மட்டும் சேர்ந்த குழு எவ்வளவு உழைத்தாலும் அந்த இடத்தை எட்டாது. ஆட்கள் சோர்வதற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது, உழைப்பு ஓரிடத்திலும் நோய் வேறிடத்திலும் இருக்கிறது.

அந்த மேட்டு ஊர்க்காரர் கேட்டதைத் திரும்பப் படியுங்கள். அது மறுப்பு இல்லை, பேரத்தின் முதல் வார்த்தை. தன் நிலத்தில் ஒரு கட்டுப்பாட்டை ஏற்றுக்கொண்டால் நன்மை கீழே இருப்பவனுக்கு, நஷ்டம் தனக்கு என்று அவர் சரியாகவே கணக்குப் போட்டிருக்கிறார். உலகத்தில் இது நடந்த இடங்களில் எல்லாம் கீழே இருப்பவர்கள் ஏதாவது கொடுத்துத்தான் ஒப்பந்தம் நிலைத்திருக்கிறது. பொலிவியாவில் லாஸ் நெக்ரோஸ் பள்ளத்தாக்கில் 2003 வாக்கில் ஆரம்பித்ததைப் பாருங்கள். மேலே காட்டை வெட்டாமல் வைத்திருக்கும் குடும்பங்களுக்குக் கீழே இருந்தவர்களின் சார்பில் தேனீப் பெட்டிகளும் தேன் எடுக்கும் பயிற்சியும் கொடுத்தார்கள். பணமாகக் கொடுத்தால் கூலி மாதிரி ஆகிவிடும், தேனீப் பெட்டி காடு இருக்கும்வரை பலன் தரும், காட்டை வைத்திருக்கவே ஒரு காரணமாகிவிடும். அந்த முறை பிறகு அந்த நாட்டில் பல நகராட்சிகளுக்குப் பரவியது.

நியூயார்க் நகரத்தின் கதை இன்னும் பெரியது. நகரத்தின் குடிநீரில் பெரும்பகுதி கேட்ஸ்கில், டெலவேர் நீர்ப்பிடிப்புப் பகுதிகளிலிருந்து வருகிறது. அணைகளுக்காகத் தங்கள் ஊர்களை மூழ்கடித்த நகரத்தின் மேல் அந்த மக்களுக்கு நெடுநாள் கோபம். 1990இல் நகரம் விவசாயத்துக்குக் கடுமையான கட்டுப்பாடுகளை வரைவாக வெளியிட்டதும் பெரிய எதிர்ப்பு கிளம்பியது. அப்புறம் பல வருஷப் பேச்சு. 1997 ஒப்பந்தத்தில் நிலத்தை விற்க விரும்புபவர்களிடம் மட்டுமே வாங்குவது, பண்ணைகளில் சாணமும் உரமும் ஓடைக்குப் போகாமல் தடுக்கும் வேலைகளுக்கு நகரமே செலவு செய்வது, அந்தத் திட்டத்தை விவசாயிகளே நடத்துவது என்று முடிவானது. பெரிய வடிகட்டும் ஆலை கட்டுவதைவிட நகரத்துக்கு அது எவ்வளவோ மலிவு.

உங்களிடம் அவ்வளவு வசதி இருக்காது, சரி. ஆனால் சாலை கேட்டு மனு போடும்போது கீழ் ஊர்கள் எல்லாம் சேர்ந்து கையெழுத்துப் போட முடியும் அல்லவா? அடுத்த முறை போகும்போது ஆற்றைப் பற்றிப் பேசாதீர்கள். அவர்களுக்கு என்ன தேவை என்று கேட்டுவிட்டு வாருங்கள்.

———

அளவுகோல்:

கடைமடை சொன்னதை ஏற்கிறேன், ஒன்று சேர்க்கிறேன். பேச்சுக்குப் போகும்முன் கையில் எண்கள் இருக்க வேண்டும். "முன்பு முழங்கால் அளவு ஓடியது" என்பது நினைவு. நினைவை யாரும் மறுத்துவிடலாம்.

பெரிய கருவி வேண்டாம். மழைமானி ஒன்று ஊருக்கு ஒன்றாக வைத்துத் தினமும் காலையில் ஒரே நேரத்தில் குறியுங்கள், பள்ளிப் பிள்ளைகள் இதை அருமையாகச் செய்வார்கள். ஒரு ஹெக்டேரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் 10,000 லிட்டர். உங்கள் நீர்ப்பிடிப்புப் பகுதி 50 சதுர கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 30 மில்லிமீட்டர் பெய்யும் ஒரே மழையில் விழுவது 150 கோடி லிட்டர். இந்தக் கணக்கை ஊர்க்கூட்டத்தில் போட்டுக் காட்டினால் பேச்சின் போக்கே மாறிவிடும், ஏனென்றால் தண்ணீர் இல்லை என்று புலம்பிக்கொண்டிருந்தவர்கள் வந்த தண்ணீர் எங்கே போனது என்று கேட்க ஆரம்பிப்பார்கள்.

ஓட்டத்தை அளக்க, வளைவு இல்லாத ஓர் இடத்தில் 10 மீட்டர் நீளத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அகலத்தை அளந்து, குறுக்கே ஐந்தாறு இடத்தில் ஆழம் பார்த்துச் சராசரி எடுங்கள். மிதக்கும் பொருள் ஒன்றை நடு ஓட்டத்தில் விட்டு 10 மீட்டர் கடக்க எத்தனை விநாடி என்று சில முறை பாருங்கள். மேல்மட்டத் தண்ணீர் அடித் தண்ணீரைவிட வேகமாக ஓடும், அதனால் கிடைத்த வேகத்தை 0.85 ஆல் பெருக்க வேண்டும். உதாரணமாக 2 மீட்டர் அகலம், 0.15 மீட்டர் ஆழம், 25 விநாடி என்றால் ஏறக்குறைய விநாடிக்கு 100 லிட்டர் வருகிறது. துல்லியம் போதாதுதான், ஆனால் அதே இடத்தில் அதே முறையில் தொடர்ந்து அளந்தால் ஏறுகிறதா இறங்குகிறதா என்பது பளிச்சென்று தெரியும்.

கிணறு ரொம்ப முக்கியம். மேட்டில் சில, நடுவில் சில, கரையில் சில என்று திறந்த கிணறுகளைத் தேர்ந்தெடுத்து மாதம் ஒருமுறை, காலையில் மோட்டார் போடுவதற்கு முன், முடிச்சுப் போட்ட கயிறு விட்டு நீர்மட்டத்தைக் குறியுங்கள். பிரிவதற்கு முந்தைய ஆந்திராவில் வறட்சி மிகுந்த ஏழு மாவட்டங்களில் விவசாயிகளே இப்படி மழையையும் கிணற்றையும் அளந்து, பருவம் ஆரம்பிக்கும்முன் ஊர்கூடித் தண்ணீர் வரவு செலவு போட்டார்கள். ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பு அந்தத் திட்டத்துக்குத் துணை நின்றது. அதில் என்னைக் கவர்ந்தது, யாரும் யாருக்கும் தடை போடவில்லை என்பது. கணக்கைப் பொதுவில் எழுதி வைத்தார்கள், இந்த வருஷம் இருக்கும் தண்ணீருக்கு இன்ன பயிர் தாங்காது என்பது எல்லோருக்கும் தெரிந்தது, பலர் தாங்களாகவே பயிரை மாற்றினார்கள்.

தண்ணீரின் தரத்துக்கு ஓடைக் கற்களைப் புரட்டிப் பாருங்கள். மேஃபிளை, ஸ்டோன்ஃபிளை போன்ற பூச்சிகளின் இளம் பருவம் அங்கே ஒட்டிக்கொண்டிருந்தால் தண்ணீரில் உயிர்வளி போதுமான அளவு இருக்கிறது. மெல்லிய சிவப்புப் புழுக்கள் மட்டும் நெளிந்தால் கழிவு சேருகிறது. தென்னாப்பிரிக்காவில் பொதுமக்களே ஆற்றின் நலத்தைப் பார்க்க மினிசாஸ் என்ற முறையை இந்த அடிப்படையில்தான் வைத்திருக்கிறார்கள். ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பிக் காத்திருக்க வேண்டியதில்லை.

எல்லா ஊர்க்காரர்களும் சேர்ந்து அளக்க வேண்டும். கீழ் ஊர்க்காரர் தனியாக அளந்து கொண்டுபோகும் எண்ணை மேல் ஊர்க்காரர் நம்பமாட்டார்.

———

மேய்ச்சல்வெளி:

ஓடைக்கரை, ஒரு கேள்வி. உங்கள் குழுவில் நிலமே இல்லாதவர்கள் எத்தனை பேர்? ஆடு மாடு மேய்ப்பவர்கள், மீன் பிடிப்பவர்கள், விறகு பொறுக்குபவர்கள் யாராவது கூட்டத்தில் பேசியிருக்கிறார்களா? பெண்கள்? மடு வற்றினால் அதிக தூரம் நடப்பது அவர்கள்தானே. இதுவரை எழுதியவர்கள் எல்லோரும் விவசாயி, கிணறு, பயிர் என்றே பேசுகிறீர்கள், அதனால்தான் கேட்கிறேன்.

சுகோமாஜ்ரி என்று ஹரியானாவில் சண்டிகர் பக்கத்தில் ஒரு சின்னக் கிராமம். சண்டிகரின் சுக்னா ஏரி வண்டல் படிந்து தூர்ந்துகொண்டே வந்தது. காரணம் தேடி மேலே போனவர்கள் இந்த ஊருக்குப் பின்னால் மொட்டையாக நின்ற குன்றுகளைக் கண்டார்கள், ஊர் ஆடுமாடுகள் மேய்ந்து புல் வேர்கூட மிஞ்சவில்லை. 1970களில் அங்கே மண் அணைகள் கட்டி மழைநீரைச் சேர்த்தார்கள். அணையால் பலன் நிலம் வைத்திருந்தவர்களுக்கு மட்டும்தான் என்றிருந்தால் மற்றவர்கள் ஏன் மேய்ச்சலை நிறுத்தப் போகிறார்கள்? நிறுத்தினால் அவர்களுக்குப் போவது சோறு. அப்புறம் எடுத்த முடிவுதான் அந்த ஊரைப் பேச வைத்தது: நிலம் இருக்கிறதோ இல்லையோ, ஒவ்வொரு குடும்பத்துக்கும் அணைத் தண்ணீரில் சம பங்கு. நிலம் இல்லாதவர் தன் பங்கை இன்னொருவருக்குக் கொடுத்துப் பலன் பெறலாம். அந்த முடிவுக்குப் பிறகு குன்றுக்குக் காவலும் வேண்டியிருக்கவில்லை, வேலியும் வேண்டியிருக்கவில்லை, ஊரே காவல் காத்தது. புல் வளர்ந்தது, ஏரிக்கு வரும் மண்ணும் வெகுவாகக் குறைந்தது.

மகாராஷ்டிரத்தில் புரந்தர் வட்டாரத்தில் 1972 வறட்சிக்குப் பிறகு விலாஸ்ராவ் சாளுங்கே தொடங்கிய பானி பஞ்சாயத்தும் இதே வழியில் போனது. தண்ணீர்ப் பங்கு நிலத்தின் அளவை வைத்து இல்லை, குடும்பத்தில் எத்தனை பேர் என்பதை வைத்து. தலைக்கு அரை ஏக்கருக்கான தண்ணீர், ஒரு குடும்பத்துக்கு அதிகபட்சம் இரண்டரை ஏக்கருக்கானது. நிலமற்றவருக்கும் பங்கு உண்டு. கரும்பு போடக் கூடாது. செலவில் ஐந்தில் ஒரு பங்கை உறுப்பினர்களே போட வேண்டும்.

நீங்கள் கன்று நட்ட கரை இருக்கிறதே, அதற்கு முன்னால் அங்கே யார் மாட்டை ஓட்டிப் போய்க்கொண்டிருந்தார்கள் என்று விசாரித்துப் பாருங்கள். கன்றுகள் பட்டுப்போன இடங்களில் காரணம் வெயில் மட்டும் இல்லாமல் இருக்கலாம். மாடு தண்ணீர் குடிக்க இறங்கும் ஓரிரு இடங்களைக் கல் பாவி ஒதுக்கிக் கொடுத்துவிட்டு மீதிக் கரையைப் புல்லும் புதரும் வளர விட்டால் இரண்டு பக்கமும் சமாதானமாகிவிடும், கரையும் சரியாது.

———

பழைய மட்டக்கோல்:

கட்டுமான வேலையில் பல காலம் இருந்தவன் என்ற முறையில் தடுப்பணை பற்றி மட்டும் எழுதுகிறேன்.

தடுப்பணை கெட்டது என்று சொல்லமாட்டேன். வரிசை தப்பினால் வீண். வேலை உச்சியிலிருந்து கீழ்நோக்கி வர வேண்டும். முதலில் சரிவு நிலத்தில் சம உயர வரப்பு, அப்புறம் சின்ன நீரோடைகளின் தலைப்பில் கல்லை அடுக்கி ஓட்டத்தின் வேகத்தைத் தணிப்பது, அதற்கும் கீழே கசிவுநீர்க் குட்டை, கடைசியில்தான் ஆற்றின் குறுக்கே சுவர். மேலே மண் அரிப்பை நிறுத்தாமல் கீழே சுவர் எழுப்பினால் நீங்கள் சொன்ன அந்தச் செம்மண் வெள்ளம் சில மழைக்காலங்களில் அதை வண்டலால் நிரப்பிவிடும், அப்புறம் தூர் வாருவது யார் என்ற சண்டை ஆரம்பிக்கும். இன்னொன்று, அடியில் கெட்டிப் பாறை இருக்கும் இடத்தில் தேங்கிய தண்ணீர் கீழே இறங்காது, வெயிலில் ஆவியாகத்தான் போகும். தண்ணீர் தேங்கி நிற்பதைப் பார்த்தால் மனசுக்கு நிறைவாக இருக்கும், ஆனால் நாம் கட்டியது அது மண்ணுக்குள் இறங்கத்தான்.

அப்புறம், நீங்கள் வரிசையாகச் சுவர் கட்டிப் பிடித்துக்கொள்ளும் தண்ணீருக்குக் கீழேயும் ஊர்கள் இருக்கின்றன. மேட்டு ஊர்க்காரர்களைப் பற்றி நீங்கள் இன்று சொல்வதை நாளை அவர்கள் உங்களைப் பற்றிச் சொல்வார்கள்.

இதைவிட ஆழமான ஒரு விஷயம் நேபாளத்திலிருந்து தெரியவந்தது. எலினோர் ஆஸ்ட்ரம், 2009இல் பொருளாதாரத்துக்கான நோபல் பெற்ற முதல் பெண், அவரும் உடன் பணியாற்றியவர்களும் அங்கே நிறைய பாசன அமைப்புகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கல்லும் மண்ணும் தழையும் வைத்து விவசாயிகளே வருஷா வருஷம் கட்டிய தலைமதகுகள் பார்க்கச் சுமாராக இருந்தாலும், கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேருவதில், வெளியார் கட்டிக்கொடுத்த உறுதியான காங்கிரீட் தலைமதகுகள் இருந்த பல இடங்களைவிட அவை நன்றாக இருந்தன. ஏன் என்று பார்த்தால், மதகு ஒவ்வொரு வெள்ளத்திலும் உடையும், அதைத் திரும்பக் கட்டத் தலைமடைக்காரர்களுக்குக் கடைமடைக்காரர்களின் கைகள் வேண்டும், அந்தத் தேவை இருந்ததால் தண்ணீரைப் பங்கிட்டார்கள். காங்கிரீட் வந்ததும் அந்தத் தேவை போய்விட்டது, தேவை போனதும் பங்கும் போனது.

உங்கள் குழுவில் "மேட்டு ஊர்க்காரர்களின் தயவே வேண்டாம்" என்று சொன்னவருக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். தயவு வேண்டாம் என்பதற்காகவே கட்டப்படும் அணை, பேச்சுக்கான கடைசிக் காரணத்தையும் அடைத்துவிடும்.

கன்று நடுவதிலும் ஒரு எச்சரிக்கை. மரம் நட்டால் ஆற்றில் தண்ணீர் பெருகும் என்று பொதுவாக நம்புகிறோம். எந்த மரம், எங்கே என்பதைப் பொறுத்தது அது. தென்னாப்பிரிக்க அரசு 1995இல் தொடங்கிய ஒரு பெரிய திட்டத்தின் வேலையே ஓடைத் தலைப்புகளிலும் கரைகளிலும் பரவிவிட்ட வெளிநாட்டு மரங்களை வெட்டி அகற்றுவதுதான், தைலம், பைன், வாட்டில் போன்றவை. அவை உறிஞ்சும் தண்ணீர் அவ்வளவு அதிகம். ஓடைத் தலைப்பில் வேகமாக வளரும் மரத்தைத் தோப்பாக நடாதீர்கள். அந்த மண்ணுக்கே உரிய புல்லும் புதரும் மரமும் கலந்து வரட்டும், மெதுவாக வந்தாலும் பரவாயில்லை.

———

ஓடைக்கரை:

இவ்வளவு பேர் இவ்வளவு அக்கறையாக எழுதியதற்கு நன்றி. மேய்ச்சல்வெளி கேட்ட கேள்விக்கு நேர் பதில்: நிலமில்லாதவர் ஒருவரும் குழுவில் இல்லை. கரையில் மாடு ஓட்டுபவர்களிடம் நேற்று போய்ப் பேசினேன். நாங்கள் வேலி போட்ட இடம் அவர்களின் பழைய இறங்குதுறை என்று சொன்னார்கள், அதை முதலில் திறந்துவிடப் போகிறோம்.

இன்னும் ஒன்று உறுத்துகிறது. எல்லோரும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். ஒருவர் மீறுகிறார், அதுவும் வசதியும் செல்வாக்கும் உள்ளவர். எங்கள் குழுவுக்குச் சட்ட அதிகாரம் ஏதும் இல்லை. அப்போது என்ன செய்ய முடியும்? ஒருவர் மீறித் தப்பிவிட்டால் மறுநாளே எல்லோரும் மீறுவார்களே.

———

ஐந்தாம் ஓடை:

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன், ஏனென்றால் பெரும்பாலான குழுக்கள் உடைவது இங்கேதான்.

ராஜஸ்தானின் ஆல்வார் மாவட்டத்தில் அர்வாரி ஆற்றுக்கும் நீங்கள் சொல்லும் நிலைதான் இருந்தது. அங்கே 1980களின் நடுவிலிருந்து ஊர் ஊராக ஜோஹட் எனப்படும் மண்கரைக் குட்டைகளைப் புதுப்பித்தார்கள், தருண் பாரத் சங்கம் என்ற தொண்டு நிறுவனம் துணை நின்றது. 1990களில், மழைக்காலத்தில் மட்டும் ஓடிக்கொண்டிருந்த ஆறு வருஷம் முழுக்க ஓட ஆரம்பித்தது. தண்ணீர் வந்ததும்தான் புதுச் சிக்கல். ஆற்று மீனைப் பிடிக்க வெளியாள் ஒருவருக்கு அரசு குத்தகை கொடுத்தது, உழைத்தது நாங்கள், உரிமை யாருக்கு என்று மக்கள் எதிர்த்தார்கள். அந்த அனுபவத்தின் தொடர்ச்சியாக 1999இல் ஏறக்குறைய எழுபது ஊர்கள் சேர்ந்து அர்வாரி நாடாளுமன்றம் என்ற ஒன்றை அமைத்தன. எந்த ஊரிலிருந்து யார் வருவது என்பதை அந்தந்த ஊர்க்கூட்டமே முடிவு செய்கிறது. தண்ணீர் அதிகம் குடிக்கும் பயிர்களுக்குக் கட்டுப்பாடு, மேய்ச்சலுக்கும் மரம் வெட்டுவதற்கும் விதிகள் என்று வகுத்துக்கொண்டார்கள். இதற்கும் சட்ட அதிகாரம் கிடையாது. ஊரார் ஏற்றுக்கொண்டார்கள் என்பதுதான் அதன் பலம்.

ஸ்பெயினின் வலென்சியா நகரில் தண்ணீர் நீதிமன்றம் என்று ஒன்று பல நூற்றாண்டுகளாக நடக்கிறது. ஒவ்வொரு வியாழக்கிழமையும் நண்பகலில் தலைமைத் தேவாலயத்தின் வாசலில் கூடும். எட்டு வாய்க்கால்களின் விவசாயிகள் தேர்ந்தெடுத்த எட்டுப் பேர் உட்காருவார்கள். வக்கீல் இல்லை, வாய்மொழியாகவே விசாரணை, ஊரே பார்க்க அங்கேயே தீர்ப்பு. யுனெஸ்கோ 2009இல் அதை மரபுப் பட்டியலில் சேர்த்தது. உங்கள் கேள்விக்கு இதில் இருக்கும் பதில், விசாரணை பொது இடத்தில், எல்லோருக்கும் தெரிந்த நாளில், எல்லோர் கண்முன்னும் நடக்கிறது என்பது. செல்வாக்கு வேலை செய்வது மூடிய அறையில்.

பழைய மட்டக்கோல் குறிப்பிட்ட ஆஸ்ட்ரம், பல நாடுகளில் நெடுங்காலம் நிலைத்த பொதுச் சொத்துகளை ஆராய்ந்தபோது திரும்பத் திரும்பக் கண்ட ஒன்றும் இதற்கு உதவும். நிலைத்த இடங்களில் முதல் மீறலுக்குத் தண்டனை மிகச் சிறியதாக இருந்தது. பெயரை எழுதி வைப்பது, ஒரு நாள் வேலை செய்யச் சொல்வது, அவ்வளவுதான். திரும்பத் திரும்ப மீறினால்தான் ஏறிக்கொண்டே போகும். ஏன் என்றால் முதல் முறை மீறுபவருக்குப் பல சமயம் உண்மையான நெருக்கடி இருக்கும், அவரை எடுத்த எடுப்பில் அவமானப்படுத்தினால் எதிரியாகிவிடுவார். இன்னொன்று, கண்காணிப்பவர்கள் பயனாளிகளாகவே இருந்தார்கள், அல்லது பயனாளிகளுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்களாக இருந்தார்கள்.

அதனால் விதி கொஞ்சமாக இருக்கட்டும், கண்ணால் பார்த்து உறுதி செய்யக்கூடியதாக இருக்கட்டும். "தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்த வேண்டும்" என்பதை யார் மீறினார் என்று எப்படிச் சொல்வது? "ஓடைக் கரையிலிருந்து இத்தனை அடிக்குள் உழக் கூடாது" என்பதை நடந்துபோகும் யாரும் பார்த்துவிடலாம். "கரைக் கிணற்றில் இந்தக் கோட்டுக்குக் கீழே மட்டம் இறங்கினால் இரவு மோட்டார் கிடையாது" என்பதும் அப்படித்தான். அளவுகோல் சொன்ன கயிறும் மழைமானியும் இங்கே வந்து சேருகின்றன பாருங்கள், விதி என்றைக்கு அமலுக்கு வருகிறது என்பதை மனிதர் யாரும் அறிவிக்க வேண்டாம், கிணறு அறிவிக்கும். செல்வாக்குள்ளவர் ஒருவரோடு சண்டை போடுகிறோம் என்ற நிலையும் வராது.

உண்மையைச் சொன்னால், வெளியிலிருந்து பெரிய நிறுவனமோ மணல் கும்பலோ வந்தால் ஊர்க் கட்டுப்பாடு போதாது. அதற்கு உள்ளாட்சி மன்றத் தீர்மானம் வேண்டும், அரசுத் துறையின் கையெழுத்து வேண்டும், தேவைப்பட்டால் நீதிமன்றம் போக வேண்டும். குழுவை முறையாகப் பதிவு செய்து, கூட்டக் குறிப்புகளையும் அளவுகளையும் தேதி போட்டு வைத்திருந்தால் அந்த நாளில் அது ஆதாரமாக நிற்கும். ஊருக்குள்ளான மீறலுக்கும் வெளியாரின் கொள்ளைக்கும் ஒரே மருந்து கிடையாது, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

———

ஓடைக்கரை:

ரொம்ப நன்றி. குழுவில் பேசினோம். தடுப்பணைக்கான நிதி மனுவை இப்போதைக்கு நிறுத்தி வைத்திருக்கிறோம், ஒருவருக்கு மட்டும் அதில் வருத்தம். மேட்டு ஊர்களின் சாலை மனுவில் கீழ் ஊர்கள் எல்லாம் கையெழுத்துப் போடுவது என்று முடிவு, அதைக் கொண்டுபோய்க் கொடுக்கும்போது கூடவே கிணறு அளப்பதற்கு அவர்கள் ஊரிலிருந்து ஆள் தர முடியுமா என்று கேட்கப் போகிறோம். மேய்ச்சல்காரர்களில் இரண்டு பேரும், மடுவில் தண்ணீர் எடுக்கும் பெண்களில் மூன்று பேரும் அடுத்த கூட்டத்துக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அளவுகோல், கிணறுகளை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று கொஞ்சம் சொல்ல முடியுமா?

———

அளவுகோல்:

தாராளமாக. தினமும் அதிகமாக இறைக்கும் கிணற்றை விட்டுவிடுங்கள், அது நிலத்தடி மட்டத்தைக் காட்டாது, மோட்டார் எவ்வளவு நேரம் ஓடியது என்பதைத்தான் காட்டும். கைவிடப்பட்டதோ குறைவாக இறைப்பதோ நல்லது. கோடையிலும் முழுக்க வற்றாத கிணறாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் முக்கியமான மாதங்களில் குறிப்பதற்கு ஒன்றும் இருக்காது. ஒவ்வொரு ஓடைக்கும் மேலே ஒன்று, கீழே ஒன்று கிடைத்தால் போதும். கிணற்று விளிம்பில் எந்தக் கல்லிலிருந்து அளக்கிறீர்களோ அதில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டுவிடுங்கள், ஆள் மாறினாலும் அளவு மாறாது. மேட்டு ஊரில் எந்தக் கிணறு என்பதை அந்த ஊர்க்காரர்களே சொல்லட்டும். குறிப்பு நோட்டும் அவர்கள் ஊரிலேயே இருக்கட்டும், நீங்கள் நகல் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.